கல்லைப் புரட்டுவது யார்?

பங்குனிக் கடைசியில் இளையரசனேந்தல் பக்கம் வந்தால் வசந்தகாலம் என்ற சொல்லே உங்களுக்கு மறந்துபோகும். உளுந்தும் பாசியும் மாசிக்குள்ளேயே வீடு போய்ச் சேர்ந்திருக்கும். எடுத்து முடித்த காட்டில் பருத்தி மார் காய்ந்து நிற்கும். கரிசல் பாளம் பாளமாக வெடித்து, ஆட்டுக்குட்டியின் கால் சிக்குகிற அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது சீமைக்கருவேலமும், பூத்துக் கொட்டுகிற வேம்பும், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கும் பனையும்தான்.

இந்த வெயிலில்தான் ஒவ்வோர் ஆண்டும் எங்களுக்கு ஈஸ்டர் வருகிறது.

‘எங்களுக்கு’ என்று சொல்வதை முதலில் விளக்கிவிடுகிறோம். சுற்றுவட்டாரக் காலனித் தெருக்களில் மாலைப் படிப்பு மையம் நடத்துகிற சிறு குழு நாங்கள். எங்களில் வேதக்காரர்கள் உண்டு. பங்குனி உத்திரத்துக்குச் சாத்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கலிடுகிறவர்கள் உண்டு. எந்தச் சாமியும் வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. சாதி ஒழிய வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: “ஈஸ்டர்னா முட்டை, முயல், பூவுன்னு படம் போட்டிருக்காங்க. வசந்தகாலப் பண்டிகைன்னு எழுதியிருக்கு. நமக்கு வெயில் கொளுத்துறப்பதானே வருது? அப்ப இது யாரு பண்டிகை?”

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடினால் சமயத்தைத் தாண்டி நம் அரசியல் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

முட்டையும் முயலும் குளிர்நாடுகளின் சேர்க்கை. ஆங்கிலத்தில் வழங்கும் ஈஸ்டர் என்ற சொல்லே ஈயோஸ்த்ரே என்ற பழைய பெண் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்ததாக எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி எழுதி வைத்தார். பனி உருகி, மரம் துளிர்த்து, ஆடு குட்டி போடும் காலம் அவர்களுக்கு அது. ஆறு மாதம் வெயிலைப் பார்க்காதவர்கள் வெயிலைக் கொண்டாடுவதில் தவறென்ன இருக்கிறது?

ஆனால் உலகத்தின் பெரும்பாலான மொழிகள் இந்த நாளை வேறு பெயரில்தான் அழைக்கின்றன. கிரேக்கத்தில் பாஸ்கா. இலத்தீனிலும் அதுவே. தமிழ்க் கத்தோலிக்கர்களும் பாஸ்கா என்றுதான் சொல்கிறார்கள். இது யூதர்களின் பெசாக் பண்டிகையிலிருந்து வந்த சொல். எகிப்தில் செங்கல் அறுத்துக் கிடந்த அடிமைகள், மாவு புளிப்பதற்குக்கூடக் காத்திருக்காமல், விடிவதற்குள் ஓட்டம் பிடித்த இரவின் நினைவு அது. அதுவும் வாற்கோதுமை கதிர் விடும் இளவேனில் மாதத்தில்தான் வந்தது. ஆக, வசந்தம் அந்தக் கதையில் உண்டு. ஆனால் அங்கே அது பூப்பார்க்கும் காலம் இல்லை, கொத்தடிமைகள் சூளையைவிட்டு வெளியேறிய காலம்.

தேதியைக் கணக்கிடுவதிலும் இதன் தடம் இருக்கிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21ஐ ஒட்டியோ அதன் பிறகோ வரும் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. அதனால்தான் ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் அலைகிறது. அந்த நிலவு பல ஆண்டுகளில் நம் பங்குனி உத்திர நிலவாகவே இருக்கிறது. 2024இல் மார்ச் 25 பங்குனி உத்திரம், மார்ச் 31 ஈஸ்டர். எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் ஒரு வீட்டார் சாத்தா கோயிலுக்கு வண்டி பிடிப்பார்கள், பக்கத்து வீட்டார் குருத்தோலை பின்னிக்கொண்டிருப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் வெயில் ஒன்றுதான். ஊருக்குள் அவர்களுக்கு இருக்கும் இடமும் ஒன்றுதான்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வசந்தம் என்பது ஒரு வட்டம். இலை உதிரும், துளிர்க்கும், மறுபடி உதிரும். அதற்கு யாரும் போராட வேண்டியதில்லை. எங்கள் கரிசலுக்கும் அப்படி ஒரு வட்டம் உண்டு. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோடை மழைக்கு ஒரு உழவு போட்டு வைத்தால், புரட்டாசி ஐப்பசி விதைப்புக்கு மண் புதிதாகிவிடும். மண் புதிதாகிறது, உண்மைதான். ஆனால் பட்டா யார் பெயரில் இருக்கிறது, களை வெட்டப் போவது யார் என்பதெல்லாம் எந்த மழையிலும் புதிதாவதில்லை.

சாதிக்கு வசந்தத்தோடு எந்தப் பகையும் கிடையாது. ஆண்டுதோறும் தேருக்குப் புது வடம் வாங்குவார்கள், கோயிலுக்கு வெள்ளையடிப்பார்கள். தேர் போகும் தெரு மட்டும் மாறாது. வேதக்கோயிலிலும் அப்படித்தான். கொடி புதிது, சப்பரத்துக்குப் பூ புதிது, சப்பரம் திரும்பும் முனை மட்டும் தாத்தா காலத்து முனை. இந்த மாதிரிப் புதுப்பித்தல் எத்தனை வந்தாலும் சாதி வரவேற்கும். ஏனென்றால் அதன் ஒரு செங்கல்கூட அசையாது.

பகலும் இரவும் சமமாகும் அதே நாட்களில்தான், 1927 மார்ச் 20 அன்று, மகாத் நகரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. தாளில் திறந்த குளம் மூன்று வசந்தங்கள் அப்படியே கிடந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் நடந்து போய்க் கை நனைத்த பிறகுதான் அது உண்மையில் திறந்தது. அன்றே அவர்கள் அடிக்கப்பட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழிப்பும் நடந்தது. வட்டத்தை உடைத்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு அந்த நாள் சாட்சி.

உயிர்த்தெழுதல் கதையை நாங்கள் வாசிப்பதும் இந்தப் பக்கத்திலிருந்துதான். நம்புகிறவர் நம்பிக்கையோடு வாசிக்கட்டும், நம்பாதவர் கதையாக வாசிக்கட்டும். கதை எங்கே நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். ரோமப் பேரரசில் சிலுவை என்பது பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. கொன்ற இடம் ஊருக்கு வெளியே. ‘ஊருக்கு வெளியே’ என்ற சொல்லுக்கு நம்மிடம் யாரும் பொருள் விளக்க வேண்டியதில்லை. புதைத்த பின்னும் அவரை விடவில்லை. கல்லறை வாயிலுக்குக் கல் வைத்தார்கள், முத்திரை போட்டார்கள், காவலுக்கு ஆளும் நிறுத்தினார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். விடியும் முன்னே நறுமணப் பொருட்களோடு போன பெண்களுக்கு வழியெல்லாம் ஒரே கவலை, அந்தக் கல்லை யார் புரட்டித் தருவார் என்று. அவர்கள் திரும்பி வந்து சொன்ன செய்தியை ஆண்கள் வெறும் பிதற்றல் என்று தள்ளியதையும் லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஊருக்கு வெளியே ஒரு கல்லறை, அதிகாரத்தின் முத்திரை, நம்பப்படாத பெண்களின் சாட்சியம். இந்தக் கதையில் பூந்தோட்டத்தைவிடச் சுடுகாட்டுப் பாதைதான் அதிகம் வருகிறது.

அதனால்தான் தமிழ்நாட்டில் ஈஸ்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கல்லறையைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது.

திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே ஒரு சுவர் நின்றது. ஒரு பக்கம் ஆதிக்க சாதிக் கிறித்தவர்களின் கல்லறைகள், மறுபக்கம் தலித் கிறித்தவர்களின் கல்லறைகள். செத்த பிறகும் தீட்டு. 2010இல் அந்தச் சுவரின் ஒரு பகுதியை இடித்தவர்கள் பெரியாரிய இயக்கத் தோழர்கள். உயிர்த்தெழுதலை நம்பாதவர்கள். இறந்தவர்கள் எழுவார்கள் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, எழமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் வந்து கல்லைப் புரட்டினார்கள். இதை ஒவ்வோர் ஈஸ்டருக்கும் ஒரு பிரசங்கத்திலாவது சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆசை.

விழுப்புரம் பக்கம் எறையூர். அங்கே தலித் கிறித்தவர்களின் சவ ஊர்வலம் பொதுத் தெரு வழியாகப் போக முடியாது, பங்குக் கோயிலில் சமமான இடமும் கிடையாது. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று அவர்கள் 2008 மார்ச்சில் போராடினார்கள். மார்ச் 9 அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் தலித்துகள் இல்லை, ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள். சாதி தன்னைச் சுமக்கிறவர்களையும் தின்னும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23. தவக்காலத்தின் நடுவில் நடந்தது இது.

நம் தென்பக்கத்திலும் பழைய கதை ஒன்று உண்டு. வடக்கன்குளம் கோயிலில் சாதி வாரியாகப் பிரித்து உட்காரவைக்கத் தடுப்பு இருந்தது. 1910இல் அதை எடுத்தார்கள். எங்கள் உரிமை போச்சு என்று மேல்சாதிக் கிறித்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சாதிப்படி தனியிடம் கேட்பது உரிமை ஆகாது என்று ஆனது. நூறு ஆண்டு கழித்தும் இதே வழக்கு வேறு ஊரில் நடக்கிறது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கில் தங்களுக்குத் தீண்டாமை இழைக்கப்படுகிறது என்று தலித் கத்தோலிக்கர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அந்தக் கோயில் மகதலா மரியாளின் பெயரில் இருப்பது. வெற்றுக் கல்லறையை முதலில் கண்டதாகச் சொல்லப்படும் அதே மரியாள்!

எழுத்தாளர் பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. கல்லறை இடத்துக்காக வந்த சாதிச் சண்டையும், போலீஸ் தெருவுக்குள் புகுந்து ஆண்களை அள்ளிப் போனதும், பெண்கள் ஊரைக் காத்ததும் அதில் இருக்கிறது. தம்பி தங்கைகள் கட்டாயம் வாசியுங்கள். பனைமட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. குருத்தோலை ஞாயிறன்று நம் கையில் இருப்பது இளம் குருத்து. அதை வெட்ட மரம் ஏறுகிறவன் கையைக் கிழிப்பது கருக்கு. இரண்டும் ஒரே மரம்.

“மன்னித்து மறந்துவிடுங்கள், பண்டிகை நாளில் பழையதைக் கிளறாதீர்கள்” என்று எங்களிடம் சொல்கிறவர்கள் உண்டு. ஈஸ்டர் புதுவாழ்வின் நாளாம், பழசைப் பேசினால் அது கெட்டுவிடுமாம். இவர்களுக்கு யோவான் நற்செய்தியையே காட்டலாம். உயிர்த்தவர் தம்மை யாரென்று நிரூபிக்கக் காட்டியது ஆணி அடித்த கைகளைத்தான். உயிர்த்த உடம்பிலும் தழும்பு இருந்தது. காயத்தைத் துடைத்து அழித்துவிட்டு வந்திருந்தால் தோமாவுக்கு அடையாளமே தெரிந்திருக்காது. ஆகவே எங்கள் காயத்தைப் பற்றிப் பேசாமல் எங்களுக்குப் புதுவாழ்வு வாழ்த்துச் சொல்லாதீர்கள்.

இனி, எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரிகிற விஷயத்துக்கு வருகிறோம்.

இளையரசனேந்தல்காரர்களுக்கு இரட்டைக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருநெல்வேலி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த எங்கள் குறுவட்டத்தை 2008இல் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி வட்டத்தில் சேர்த்தார்கள். ஊராட்சிகள் பன்னிரண்டும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றன. 2019இல் தென்காசி மாவட்டம் பிறந்ததும் அந்த ஒன்றியம் அங்கே போனது. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ஊராட்சி வேலைக்கு இன்னொரு மாவட்டம். ஒரு அலுவலகத்தில் போய் நின்றால், நீங்கள் எங்கள் கணக்கில் இல்லை என்பார்கள். அடுத்ததில் போய் நின்றால் அதையே அவர்களும் சொல்வார்கள். இதற்காக எத்தனை மறியல், எத்தனை மனு!

தலித் கிறித்தவரின் நிலையும் இதேதான். கோயிலில் போய் நின்றால், நீ அந்தத் தெரு என்பார்கள். அரசு அலுவலகத்தில் போய் நின்றால், நீங்கள் கிறித்தவராயிற்றே, பட்டியல் சாதி கிடையாது என்பார்கள். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பாதுகாப்பு இல்லை, தனித் தொகுதியில் நிற்க முடியாது.

சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. செருப்பு தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே சாலை, அதே தோல், அதே ஊசி! வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டவில்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. சான்றா இல்லை? அந்தச் சான்று அப்போதே கல்லறைத் தோட்டத்தில் சுவராக நின்றுகொண்டிருந்தது.

அதன்பின் 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் பட்டியல் சாதித் தகுதி கொடுக்கலாம் என்றது. 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 2022 அக்டோபரில் நீதிபதி பாலகிருஷ்ணன் ஆணையத்தை ஒன்றிய அரசு அமைத்தது, அதற்கும் காலநீட்டிப்புக் கொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு ஈஸ்டர் முடிந்து பத்தாவது நாள் அது. மகாத் நகராட்சித் தீர்மானம் நினைவுக்கு வருகிறதா? தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும்.

இந்தத் தூரத்தில் நடந்துகொண்டிருப்பவர்கள் எங்கள் பிள்ளைகள். சான்றிதழில் ஒரு பெயர், வேதக்கோயில் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று இரண்டு பெயரோடு வளர்கிறவர்கள் எத்தனை பேர்! எங்கள் மையத்தில் படித்துக் கல்லூரிக்குப் போன ஒருத்தி இருக்கிறாள். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு நாலரை மணிக்கெல்லாம் முதல் ஆளாக வந்துவிடுவாள். பாட்டுப் பாடுவாள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவாள். ஆராதனை முடிந்து எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுக்கும்போது மட்டும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். “நான் வேண்டாம், நீங்க எடுங்க.” அவ்வளவுதான் சொல்வாள். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும். ஒரு படம் யாராவது ஒருவர் கைக்குப் போனால், உதவித்தொகையும் விடுதி இடமும் நாளைய வேலையும் கேள்விக்குள்ளாகும். கல்லறையிலிருந்து வெளியே வந்ததைக் கொண்டாடுகிற நாளில் ஒரு பிள்ளை ஒளிந்து நிற்க வேண்டியிருக்கிறது. நம் தலைமுறையின் முத்திரை போட்ட கல் இது. இதை வைத்தது எந்தக் குருவும் இல்லை, ஓர் அரசாணை.

அதற்காகத் திருச்சபையை விட்டுவிட முடியாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று சொல்லி, சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டது நல்லது. மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருக்கிறவர்களின் பிரேதம் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதில்தான் அந்த அறிக்கைக்கு மதிப்பு. அரசிடம் சம உரிமை கேட்கும் சபை, தன் வளாகத்துக்குள் அதைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் குரலுக்கு இன்னும் வலு இருக்கும்.

அப்படியானால் ஏன் இன்னும் அங்கே போகிறீர்கள் என்று இயக்கத் தோழர்கள் கேட்கிறார்கள். மதம் மாறியும் சாதி போகவில்லை, மிஷனரிகள் அதை முழுமூச்சாக எதிர்க்கவில்லை என்று பாபாசாகேபே எழுதியிருக்கிறாரே என்கிறார்கள். உண்மைதான், எழுதியிருக்கிறார். அந்த விமர்சனத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். சிலர் வெளியேறினார்கள், அதற்கும் நியாயம் உண்டு. இருக்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை அண்ணன் என்று எல்லோரும் கூப்பிட்ட தியாப்பிலஸ் அப்பாவு, சேரியின் தாளத்தையும் பேச்சையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதுதான் நற்செய்தி என்று ‘ஓர் உலை’ப் பண்பாட்டைப் பேசினார். உயிர்த்த இயேசு கடற்கரையில் அடுப்பு மூட்டி மீன் சுட்டுச் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டதாகத்தானே கதை முடிகிறது? யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார் என்பதில்தான் இந்த நாட்டில் சாதி இருக்கிறது.

எங்கள் தெருப் பாட்டி ஒருவர், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியே விரல் தேய்ந்தவர், ஒருமுறை சொன்னார்: “கல்லைப் பொரட்டுனது யாருன்னு எல்லாச் சாமியாரும் சொல்றாவ. அந்தக் கல்லை வச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்கலியேய்யா.” பாஸ்கா இரவில் கோயில் வாசலில் புதுத் தீ மூட்டுவார்கள். அந்த ஒரு தீயிலிருந்துதான் எல்லார் கை மெழுகுதிரிக்கும் வெளிச்சம் போகும். அதைப் பற்றவைக்கிற தீக்குச்சியில் இப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. கேள்வியும் அவர்களிடமிருந்தே வருகிறது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை வைக்கிறோம். இந்த ஈஸ்டருக்கு வாழ்த்துப் படம் அனுப்புவதோடு நிறுத்தாமல், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். உள்ளே சுவர், வேலி, வாய்க்கால் என்று பிரிவு இருக்கிறதா? இரண்டு வாசலா? பிரேத வண்டி எல்லோருக்கும் ஒன்றா? ஊர்வலம் எந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறது? பாதை வருவாய்க் கணக்கில் யார் பெயரில் இருக்கிறது? அங்கே குழி வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், பறை அடிக்கிறவர் யார்? அவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் இடம் உண்டா? கடைசிக் கேள்வியை நம் காலனிக்குள்ளும் கேளுங்கள். புதிரை வண்ணாரிடமும் அருந்ததியரிடமும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது அதில் தெரிந்துவிடும். சுவரைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் அடுத்த சுவரைக் கட்டாமல் இருப்பதும் இந்தப் போராட்டத்தில் சேர்ந்ததுதான்.

எழுதியதைத் தேதியோடு வையுங்கள். படம் எடுத்து வையுங்கள், ஆட்களை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் எடுங்கள். பங்குப் பேரவையில் கேளுங்கள், சேகரக் கமிட்டியில் கேளுங்கள், கிராம சபையில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்ட சான்று இப்படித்தான் ஊர் ஊராகச் சேரும்.

2017இல் பெரிய வெள்ளியும் பாபாசாகேப் பிறந்தநாளும் ஒரே ஏப்ரல் 14இல் வந்தன. 2022இல் அதே நாள் பெரிய வியாழன், பாதம் கழுவும் நாள். நாட்காட்டி இப்படி எப்போதாவதுதான் இரண்டையும் சேர்த்து வைக்கும். மற்ற ஆண்டுகளில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

வேம்பு அதன்பாட்டுக்குப் பூக்கும், கோடை மழை வந்தால் கரிசல் அதன்பாட்டுக்கு ஆறும். சுவர் அதன்பாட்டுக்கு விழாது. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கடப்பாரை தேவைப்படும் இடத்தில் கூப்பிடுங்கள், வருகிறோம்.

உயிர்ப்பு நாள் வாழ்த்துகள். ஜெய்பீம்!